நின்றால் விழுகிற கார்டு

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் எல்லாவற்றையும்விடக் கனமானது அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி. அண்ணன் அதை மூன்று மாடி தூக்கி வந்து, இறக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"உள்ள என்ன, செங்கல்லா அடுக்கி வெச்சிருக்கே?"

"கட்டடமே வெச்சிருக்கேன்" என்றாள் அண்ணி.

அண்ணி சொன்னது உண்மைதான். ஓர் இன்ஜினியருக்காக அவள் வீட்டிலிருந்தபடியே கட்டடங்கள் வரைந்து கொடுக்கிறாள். வெறும் கோடுகளாக இல்லை. திரையில் கேட்டைத் திறந்து உள்ளே போகலாம், படியேறலாம், ஜன்னலுக்குப் பக்கத்தில் போனால் வெயில் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். அம்மா அதைப் பொம்மை வீடு என்றுதான் சொல்வாள். "பொம்மை வீடு கட்டி முடிச்சாச்சா? சாப்பிட வா" என்பாள்.

அந்தப் பொம்மை வீடுகள் எல்லாம் பிறகு நிஜமாகவே எழும்பின. ஆனால் படத்தாளின் கீழ் மூலையில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அண்ணி வரைந்த அத்தனை தாளிலும் அந்தக் கட்டத்தில் இருந்தது இன்ஜினியரின் பெயர்தான்.

இந்தத் தடவை ஒரு கண் ஆஸ்பத்திரி. அதைக் கட்டப்போகிற கண் டாக்டர், படத்தைத் தானே நடந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்ஜினியரின் ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டரில் அது கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சுத் திணறியது. அதனால் டாக்டரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வருவதாக முடிவாகி, அன்று காலையில் இன்ஜினியர் போன் செய்தார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம்.

"சாயங்காலம் வர்றோம்மா. கேட்ல இருந்து மொட்டைமாடி வரைக்கும் எங்கயும் சிக்காம, திக்காம ஓடணும். டாக்டர் சரின்னு சொல்லிட்டாங்கன்னா அந்தக் கட்டத்துல உங்க பேரையே போட்டுக்குங்க. நான் சொன்னா சொன்னதுதான். அப்புறம், உங்க வீட்டை நம்ம ஸ்டூடியோன்னு சொல்லி வெச்சிருக்கேன். கொஞ்சம் பாத்துக்குங்க."

போன் வைத்ததும் அம்மா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஸ்டூடியோவாமே. அப்ப இந்தத் துணிக்கொடிய எங்க கொண்டுபோய்க் கட்டறது?"

அண்ணியின் கவலை துணிக்கொடி இல்லை. ஆஸ்பத்திரியின் நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கூடம் இருந்தது. நோயாளிகள் காத்திருக்கும் இடம். உள்ளே மரங்கள், மேலிருந்து வெளிச்சம், தரையில் இலைகளின் நிழல். அண்ணிக்கு அந்தக் கூடம் என்றால் உயிர். ஆனால் அங்கே நுழைந்ததும் படம் திக்கும். கால் வலிக்கிறவர் நடப்பதுபோல விட்டு விட்டு நகரும். மரங்களை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இன்ஜினியர் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தார். "மரத்தை வெட்ட மாட்டேன்" என்று அண்ணி ஒரே பிடியாக நின்றாள்.

"அப்ப ஒரே வழிதான். கார்டை விரட்டணும்" என்றாள் இப்போது.

படத்தைத் திரையில் வரைந்து காட்டுவது அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. அதைச் செய்த கம்பெனி இவ்வளவு வேகத்தில் ஓடினால் போதும் என்று ஓர் எல்லை வைத்து அனுப்புகிறது. ஆனால் அதற்கு மேலும் கொஞ்சம் ஓடுகிற தெம்பு கார்டுக்குள் இருக்கும். எவ்வளவு தெம்பு என்று யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் செய்த இரண்டு கார்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காதாம். வேகத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்து, எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். இதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர்.

"எங்க டிப்போவுல இதுக்குப் பேரு ஓவர் ஸ்பீடு" என்றான் அண்ணன். அவன் பஸ் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு வார லீவு. "பிடிச்சா மெமோ குடுப்பாங்க."

"மெமோ எல்லாம் வராதுங்க. கறுப்பாயிடும், அவ்வளவுதான்."

"எது?"

"திரை."

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியாயிற்று. அண்ணன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, கார்டுக்கு நேராக வைத்துவிட்டான். கார்டு எவ்வளவு சூடாகிறது என்று காட்டுகிற எண்கள் பழைய சின்னத் திரை ஒன்றில் ஓடின. அந்தத் திரையை அலமாரி ஓரமாக வைத்து என்னை அங்கே உட்கார வைத்தாள் அண்ணி.

"பூனை, நீ சூட்டைப் படிச்சுச் சொல்லிக்கிட்டே இரு."

நடந்தால் சத்தம் வராது என்பதால் வீட்டில் எனக்குப் பூனை என்று பெயர். எண்களைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தேன்.

கார்டைச் சோதிக்க அண்ணியிடம் ஒரு படம் இருந்தது. திரை முழுக்கப் புல்வெளி. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகக் காற்றில் ஆடும். அத்தனை புல்லையும் ஓயாமல் வரைந்து வரைந்து கார்டு தவித்துப்போகும். அந்தத் தவிப்பில் விழாமல் நின்றால் தேறியது என்று அர்த்தம்.

"இவ்வளவு புல்லையும் யாரு மேயப்போறா?" என்றாள் அம்மா, துணிக்கொடியைச் சுருட்டியபடி.

அண்ணி வேகத்தை ஒரு படி ஏற்றினாள். புல் ஆடியது. இன்னொரு படி. ஆடியது. "அறுபத்தெட்டு… எழுபது" என்று படித்தேன். இன்னும் ஒரு படி. பெட்டியின் விசிறிகள் இரைந்தன. அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். இன்னும் ஒரு படி ஏற்றியதும் புல்வெளியெங்கும் பச்சையும் ரோஸுமாகப் புள்ளிகள் மினுமினுத்தன.

"அட, பூ பூத்திருக்கே" என்றாள் அம்மா.

"பூ இல்ல அத்தை, காய்ச்சல்" என்று அண்ணி சட்டென்று இரண்டு படி இறக்கினாள். புள்ளிகள் மறைந்தன.

அங்கேயே விட்டு வைத்தோம். புல் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா சமையலை முடித்தாள், நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம், புல் அப்போதும் ஆடியது. சூடு எழுபத்திரண்டுக்கு மேல் போகவே இல்லை. அண்ணி கையைக் கழுவிவிட்டு வந்து ஆஸ்பத்திரியைத் திறந்தாள். கேட், வரவேற்பு மேஜை, பரிசோதனை அறைகள் என்று விறுவிறுவென்று நடந்தாள். கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

திக்கவில்லை. மரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. இலை நிழல் தரையில் அசைந்தது. படிகள், ஆபரேஷன் அறை, மொட்டைமாடி. அங்கே போய் நின்றதும் அண்ணன் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"எனக்கும் ஒரு தடவை காட்டும்மா" என்றாள் அம்மா. "நாள் முழுக்கப் புல்லையே காட்டிட்டு இருக்கீங்க."

அண்ணி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கும், மவுஸை எப்படி நகர்த்தினால் தலை திரும்பும் என்று சொல்லிக்கொடுத்தாள். அம்மா கேட்டுக்குள் போனாள். வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"மழை பெஞ்சா ஜனங்க ஈரக் குடையோட வருவாங்களே. குடைய எங்க வெப்பாங்க?"

அண்ணிக்கு அது தோன்றியிருக்கவில்லை. "வெக்கலாம் அத்தை, ஒரு ஸ்டாண்டு வெச்சிடலாம்."

"அந்த மூலை பரவால்ல" என்று அம்மா யோசித்து, நிதானமாக மூலைப் பக்கம் திரும்பினாள்.

திரை கறுத்துப்போனது.

அம்மா கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணல. குடைதான் கேட்டேன்."

"படம் போயிடுச்சா?" என்றான் அண்ணன்.

"போகல. சேவ் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள் அண்ணி. ஆனால் அவள் முகத்திலும் வெளிச்சம் போயிருந்தது.

"அது என்ன சேவ்?" என்றாள் அம்மா.

"பத்திரமா எடுத்து வெக்கறது அத்தை. சேவ் பண்ணிட்டா அப்புறம் கரன்ட் போனாலும் கவலை இல்ல."

பெட்டியை மறுபடி கிளப்பினோம். புல்வெளியைப் போட்டாள். விழாமல் ஓடியது கார்டு. அம்மா சொன்ன மூலையில் ஒரு குடை ஸ்டாண்டை வைத்துவிட்டு, அண்ணியே ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தாள். ஒரு குறையும் இல்லை. அம்மாவை உட்கார வைத்தாள். இரண்டாவது பரிசோதனை அறையில், கை கழுவும் தொட்டி எவ்வளவு உயரம் என்று அம்மா நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள். கறுப்பு.

"மாமியாருன்னு கண்டுபிடிச்சிடுச்சுபோல" என்றான் அண்ணன்.

"சும்மா இருங்க" என்றாள் அண்ணி. அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். டாக்டர் வருவதற்கு அதிக நேரம் இல்லை. பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டால் விழாது. ஆனால் கூடத்தில் திக்கும். கட்டத்தில் இன்ஜினியர் பெயர் இருக்கும்.

அண்ணன் விளையாட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னான். "டிப்போவுல ஒரு வண்டி இருக்கு. எந்த மேட்டுலயும் ஏறிடும். சிக்னல்ல நின்னா மட்டும் ஆஃப் ஆயிடும். அது மாதிரி இருக்கு."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "பூனை, விழறப்ப சூடு எவ்வளவு?"

நான் நினைத்துப் பார்த்தேன். கண் முன்னால்தான் ஓடியது. "நாற்பத்தொம்பது. ரெண்டு தடவையும் அம்பதுக்குக் கீழ."

"ஏறிட்டு இருந்துச்சா, இறங்கிட்டு இருந்துச்சா?"

"இறங்கிட்டு இருந்துச்சு அண்ணி."

அண்ணி தன் நெற்றியில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டாள். "சூடா இருக்கறப்ப இது தானாவே அடக்கி வாசிக்குது. நின்னா வேலை இல்ல, ஆறிடுது. ஆறினதும் நாம திரும்பி நடந்தா, தெம்பு இருக்குன்னு நெனச்சு ஒரேயடியா உச்சிக்குத் துள்ளுது. அந்த உச்சியில நிக்க அதுக்குக் கால் இல்ல. நான் காலைல இருந்து சூட்டுலயே சோதிச்சிட்டு இருக்கேன். அந்த உச்சியை இது புல்லுல எட்டவே இல்ல."

சூட்டுக்குப் பயந்து ஃபேனைக்கூட வைத்திருந்தோம். குளிர்ச்சியை யாரும் நினைக்கவில்லை. அதைவிட இன்னொன்று. அண்ணி ஒவ்வொரு தடவையும் நிற்காமல் நடந்திருந்தாள். வரைந்தவளுக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும், எதற்கு நிற்க வேண்டும்? பார்க்க வருகிறவர்கள்தான் நிற்பார்கள்.

"அத்தை, இனிமே புல்லு வேணாம். நீங்கதான் டெஸ்ட்" என்றாள் அண்ணி.

"நான் என்ன பண்ணணும்?"

"புது வீடு பாக்கப் போனா எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க. ஒண்ணையும் குறைச்சுக்காதீங்க."

"அம்மாவையா? பொழுது விடிஞ்சிடும்" என்றான் அண்ணன்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி அந்த உச்சி வேகத்தில் மட்டும் ஒரு படி குறைத்துப் பூட்டுப் போட்டாள். அம்மா கிளம்பினாள். ஒவ்வொரு அறையிலும் நின்றாள். கூரையில் நீர்க்கசிவு இருக்குமா என்று அண்ணாந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். போன இடத்துக்கே திரும்பி வந்து, "முன்ன இந்த ஜன்னல் இருந்துச்சா?" என்றாள். கூடத்தைத் தாண்டியதும் கறுத்தது. இன்னொரு படி குறைத்தாள் அண்ணி. இந்த முறை அம்மா மாடிப்படி வரை போனதும் கறுத்தது. இன்னொரு படி. ஆபரேஷன் அறையில் விளக்கை யாராவது துடைப்பார்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பும்போது விழுந்தது.

எங்களுக்கு இப்போது பயம் போய் ஒரு வெறி வந்திருந்தது. கறுக்கக் கறுக்கப் பெட்டியைக் கிளப்பினோம். அம்மா களைக்கவே இல்லை. "மொட்டைமாடி பாக்காம விடமாட்டேன்" என்றாள்.

இன்னொரு படி குறைத்ததும் கண்ணாடிக் கூடம் திக்கியது. அண்ணி நகத்தைக் கடித்தாள். அந்தப் படியை இரண்டாகப் பிரித்து அரைப் படி ஏற்றினாள். திக்கல் போய்விட்டது. ஃபேனை இன்னும் நெருக்கமாக வைத்தான் அண்ணன். மேலே போனால் கறுப்பு, கீழே வந்தால் திக்கல். நடுவில் அந்த அரைப் படி. அண்ணியின் பெயர் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அம்மா கேட்டிலிருந்து தொடங்கினாள். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக்கூட வந்தாள். "நாற்பத்தாறு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா உட்கார்ந்து நகர்த்தினாள். விழவில்லை. படியேறினாள். ஆபரேஷன் அறை. மொட்டைமாடி. கைப்பிடிச் சுவரருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

"காத்து நல்லா வருது" என்றாள். நாங்கள் சிரித்து முடிக்கும் முன் அழைப்பு மணி அடித்தது.

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இன்ஜினியர் முதலில் வந்தார். "வாங்க டாக்டர், இதுதான் நம்ம ஸ்டூடியோ" என்றார். அவர் தலைக்கு மேலே அண்ணனின் யூனிஃபார்ம் சட்டை ஆணியில் தொங்கியது. டாக்டர் குள்ளமான பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். அம்மா கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "மவுஸை என்கிட்ட குடுங்க. நானே நடக்கறேன்" என்றார்.

அண்ணி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

டாக்டர் செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இடது கையால் தன் இடது கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒரு கண்ணுல கட்டோட வர்றவங்க எப்படிப் பாப்பாங்கன்னு பாக்கறேன்."

ஒற்றைக் கண்ணோடு ஆமை மாதிரி நகர்ந்தார். நின்றார். நகர்ந்தார். அம்மாவே தேவலாம் என்று தோன்றியது. வரவேற்பில், "குடைக்கு ஸ்டாண்டு வெச்சிருக்கீங்களே, நல்லது" என்றார். அம்மா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். கூடத்துக்குள் நுழைந்தார். மரங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்போது அவருடைய போன் அடித்தது.

ஏதோ ஒரு நோயாளியைப் பற்றிய பேச்சு. டாக்டர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். நான் அலமாரி ஓரத்தில் எண்களைப் பார்த்தேன். ஐம்பது. நாற்பத்தேழு. நாற்பத்தைந்து. அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோதுகூட இவ்வளவு இறங்கவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்து, 'இறங்குது' என்றேன். அண்ணன் வாயில் போட்ட பிஸ்கட்டைக் கடிக்காமல் நின்றான். நாற்பத்து மூன்று.

அம்மா நடந்துபோய் டேபிள் ஃபேனை அணைத்தாள்.

"வேர்க்குமே" என்றார் இன்ஜினியர்.

"டாக்டருக்குப் பேச்சு கேக்கணும்ல" என்றாள் அம்மா.

எண் நாற்பத்து மூன்றிலேயே நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. டாக்டர் போனை வைத்தார். நாற்காலியைத் திருப்பினார். மறுபடி கண்ணை மூடினார். மவுஸைத் தொட்டார்.

அந்த ஒரு நொடி நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணியின் முதுகைத்தான் பார்த்தேன். அது மெல்லத் தளர்ந்தது. பிறகுதான் திரையைப் பார்த்தேன். இலைகளின் நிழல் டாக்டரோடு நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஃபேனை மறுபடி போட்டாள்.

"அதுக்குள்ள வேர்த்துடுச்சா?" என்றார் இன்ஜினியர்.

கூடத்தின் ஓரத்தில் டாக்டர் சடாரென்று நின்றார். "இந்தத் தூண். இடது கண்ணு தெரியாதவங்க இதுல மோதுவாங்க. நானே மோதிட்டேன் பாருங்க."

அண்ணி கீழே மண்டியிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தூணைப் பிடித்துச் சுவருக்குள் தள்ளினாள். அதைத் தாங்கிய உத்தரத்தைச் சற்றுக் கனமாக்கினாள். கூரையின் பாரம் புது இடத்தில் இறங்குகிறதா என்று சரிபார்த்தாள். கார்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் வரைந்து காட்டியது. டாக்டர் அந்த வழியாகத் திரும்ப நடந்தார். இந்தத் தடவை மோதவில்லை. படியேறி மொட்டைமாடி வரை போனார். பிறகுதான் கையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"யாரு வரைஞ்சது இது?"

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "நம்ம டீம்ல…" என்று தொடங்கினார். அம்மா டீ டம்ளர்களை எடுக்க வந்தவள் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள். அவர் அம்மாவையும் பார்த்தார், மண்டியிட்டபடி இருந்த அண்ணியையும் பார்த்தார். "இவங்கதான் டாக்டர். எல்லாமே இவங்கதான்."

"அப்ப நாளைக்குத் தூண் எங்கன்னு சந்தேகம் வந்தா இவங்களைத்தானே கேக்கணும். தாள்ல பேரு இருக்கட்டும், நான் தேடணும்ல" என்றார் டாக்டர்.

"போட்டுடும்மா" என்றார் இன்ஜினியர். "நான்தான் காலைலயே சொன்னேனே."

கார் கிளம்பிப்போன சத்தம் அடங்கும்வரை காத்திருந்தோம். அடங்கியதும் அண்ணன் இரண்டாவது விசிலை அடித்தான். கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது, மூடியது.

அண்ணி படத்தாளைத் திறந்தாள். கீழ் மூலைக் கட்டத்தைப் பெரிதாக்கினாள். இன்ஜினியரின் பெயரை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை அடித்தாள். நடுவில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அண்ணியின் பார்வை மெதுவாக வேகம் ஏற்றுகிற எண்களின் பக்கம் போனது. மவுஸும் பின்னாலேயே போனது.

"உச்சியில பூட்டு போட்டாச்சு, சரி. ஆனா கார்டோட மெமரியில இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கும்போல. ஒரே ஒரு படி ஏத்திப் பாக்கலாமா?"

அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மொதல்ல பேர சேவ் பண்ணு."